ஆடியில் இலையுதிர்க்கும் மரம்: கலிபோர்னியா பக்கை மரத்தை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறை

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குக் குடிவரும் நம்மவர்களில் பலர், முதல் கோடையிலேயே ஒரு மரத்தைத் தவறாக எடைபோட்டுவிடுகிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் சுனோல் குன்றுகளிலோ ரான்சோ சான் அந்தோனியோ பூங்காவிலோ நடந்தால், பச்சை மாறாத ஓக் மரங்களுக்கு நடுவே இலையெல்லாம் பழுப்பேறித் தொங்கும் சில மரங்கள் கண்ணில் படும். பட்டுப்போன மரங்கள் என்று எண்ணிக் கடந்து செல்பவர்கள், அதே வழியில் மே மாதம் வந்திருந்தால், அடி முதல் நுனி வரை வெண்ணிறப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்க, அவற்றைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும் அதே மரங்களைக் கண்டு வியந்திருப்பார்கள். அவைதான் கலிபோர்னியாவின் மண்ணுக்கே உரிய பக்கை மரங்கள். தாவரவியல் பெயர் ஏஸ்குலஸ் கலிபோர்னிகா. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் ஆண்மான், 'ஐ' என்றால் கண். வெளிறிய வட்டத் தழும்போடு பளபளக்கும் அதன் பழுப்பு விதை மானின் கண்ணைப் போலிருப்பதால் வந்த பெயர் என்பார்கள்.

இந்த மரத்தை வளர்ப்பதற்குத் தேவைப்படும் உழைப்பு குறைவுதான்; ஆனால் நாம் ஊரில் கற்றுவந்த பழக்கங்கள் சிலவற்றை மறக்க வேண்டியிருக்கிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் மரபு. இந்த மரமோ ஆடியில் இலையுதிர்த்துவிட்டு உறங்கப் போகிறது. நவம்பர் தொடங்கி மார்ச் வரை மழை, அதன்பின் ஏறத்தாழ அரையாண்டு வறட்சி என்ற பருவச் சுழற்சியில், சான் ஹோசே போன்ற ஊரில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 15 அங்குல மழைதான் பெய்கிறது. சென்னையில் பெய்வதில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறு ஈரத்தை நம்பி வாழும் மரம், நீர் தீர்ந்ததும் இலைகளைக் கழித்து உயிரைக் காத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே இங்கே நமக்கு ஐப்பசிப் பட்டம்தான் உரியது. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இறங்கும் அதே வாரங்களில் கலிபோர்னியாவின் முதல் மழையும் பெரும்பாலும் வந்துவிடுவதால், நினைவில் வைத்துக்கொள்வதும் எளிது.

நடலாமா, வேண்டாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அழகைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன் மூன்று செய்திகளை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது நஞ்சு. இலை, பட்டை, பூ, விதை என்று மரத்தின் எல்லாப் பகுதிகளிலும் நச்சுத்தன்மை உண்டு. விதை அதிகம் கவலை தருவது, ஏனெனில் கையில் எடுத்து விளையாடத் தூண்டும் அளவுக்கு அது அழகாக இருக்கிறது. நம் பூந்திக்கொட்டையும், தோசைக்கு அரைக்கும் முடக்கத்தான் கீரையும் இந்த மரத்தின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் சபோனின் என்னும் பொருள் பக்கை விதையிலும் இருக்கிறது. அதனோடு வேறு நச்சுப்பொருள்களும் உள்ளன. கலிபோர்னியாவின் தொல்குடிகள் இந்த விதையை இடித்து ஓடை நீரில் கலந்து மீன்களை மயங்கச் செய்து பிடித்தார்கள். ஓக் கொட்டைகள் போதிய அளவு காய்க்காத ஆண்டுகளில் மட்டும், விதையை வேகவைத்து, இடித்து, மீண்டும் மீண்டும் நீரில் ஊறவைத்து நஞ்சை வடித்துவிட்டு உணவாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைவந்த அந்தப் பக்குவத்தை வீட்டுச் சமையலறையில் சோதித்துப் பார்ப்பது மடமை. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் நாயோ வீட்டில் இருந்தால், சில ஆண்டுகள் பொறுத்திருந்து நடுவதே நல்லது. ஏற்கெனவே மரம் இருந்து, யாரேனும் விதையைத் தின்றுவிட்டால், 1-800-222-1222 என்ற நச்சுக் கட்டுப்பாட்டு உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

இரண்டாவது தேனீ. இந்தப் பூவின் தேனும் மகரந்தமும் ஐரோப்பியத் தேனீக்களுக்கு ஆகாதவை. இதை அதிகம் உண்ட கூடுகளில் புழுக்கள் சரியாக வளராமல் உருக்குலைந்த தேனீக்கள் பிறப்பதை வளர்ப்போர் நன்கு அறிவார்கள். இதில் மரத்தின் மேல் குற்றமில்லை. அந்தத் தேனீ இனம் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்டதே 1853-ஆம் ஆண்டில்தான், அதுவும் சான் ஹோசேக்கு. மரமோ அதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கு இருந்துவருகிறது. அதனோடு சேர்ந்து வாழ்ந்து பழகிய நாட்டு வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் இதே தேனைக் குடித்துச் செழிக்கின்றன. எனினும், நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரோ தேன்பெட்டி வைத்திருந்தால் இந்த மரத்தைத் தவிர்த்துவிடுவதுதான் அக்கம்பக்கத்து நாகரிகம்.

மூன்றாவது கோடைக்காலத் தோற்றம். ஜூலை நடுவிலிருந்து பழுப்பு இலைகளும், பிறகு வெறுங்கிளைகளும் முன்வாசலில் நிற்பதை உங்கள் வீட்டார் ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிச் சாம்பல் நிறப் பட்டையோடு வளைந்து நெளிந்து விரியும் அந்தக் கிளைகள் எனக்கு எந்தச் சிற்பத்துக்கும் குறைந்தவையாகத் தோன்றியதில்லை. ஆனால் வருகிற விருந்தினர் ஒவ்வொருவரும் "மரம் செத்துவிட்டதே" என்று துக்கம் விசாரிப்பார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. குடியிருப்போர் சங்கம் உள்ள வளாகமென்றால், நீர் குறைவாகத் தேவைப்படும் செடிகளை முற்றாகத் தடுக்கும் விதிகள் கலிபோர்னியச் சட்டப்படி செல்லாதவை என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசலாம். ஆனாலும் நடுவதற்கு முன்பே சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெற்றுவிடுவது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

முதற்படி: இடம் தேர்தல்

வீட்டுத் தோட்டத்தில் இது 15 முதல் 40 அடி வரை உயரக்கூடும். வெயில் நன்றாகப் படும் வெட்டவெளியில் உயரத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ பக்கவாட்டில் விரியும். அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைப்பது இதன் இயல்பு. ஆகவே சுவரிலிருந்து குறைந்தது 15 அடியாவது தள்ளி, மின்கம்பிகளுக்குக் கீழே வராதபடி இடம் பாருங்கள். முழு வெயிலும் அரைநிழலும் இரண்டும் ஏற்கும். வெயில் கூடினால் பூ கூடும், இலையும் சற்று முன்னதாகவே உதிரும்.

மேற்கு வெயிலை மறைக்க மரம் நடுவது நல்ல வழக்கம்தான். அந்த எண்ணத்தோடு பக்கை மரத்தை மேற்குச் சன்னல் ஓரம் நட்டால் ஏமாற்றமே மிஞ்சும். வெயில் சுட்டெரிக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் மரத்தில் நிழல் தர இலை இருக்காது. வெயில் தேவைப்படும் பிப்ரவரி, மார்ச்சிலோ இலை அடர்ந்து நிற்கும். நடைபாதை, வாகனம் நிறுத்துமிடம், நீச்சல் குளம் ஆகியவற்றுக்கு மேல் கிளை நீளும் இடங்களும் வேண்டாம். இலையுதிர்ந்த பின்னும் காய்கள் தொங்கி, மழைக்காலத் தொடக்கத்தில் கனமான விதைகள் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, புல்வெளிக்கும் தானியங்கித் தெளிப்பானுக்கும் அருகில் நடாமலிருப்பது. கோடை முழுவதும் வாரம் மூன்று முறை நனையும் மண்ணில் இந்த மரத்தின் வேர் அழுகிவிடும் ஆபத்து உண்டு. கன்று சிறிதாக இருக்கும்போது நன்றாகவே இருப்பதுபோல் தோன்றுவதால், ஆபத்து தெரியவரும்போது பல ஆண்டுகள் வீணாகியிருக்கும்.

மண் களிமண்ணாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். குன்றுச் சரிவுகளின் இறுகிய களிமண்ணில்தான் இது காலங்காலமாக வளர்ந்துவருகிறது. வடிகால் இருக்கிறதா என்பதே கேள்வி. ஓரடி ஆழமும் ஓரடி அகலமுமான குழி தோண்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுமுறை நிரப்புங்கள். அடுத்த நாளும் நீர் தேங்கி நின்றால் வேறிடம் பார்க்க வேண்டும், அல்லது ஓரடி உயரத்துக்கு அகலமான மேடு அமைத்து அதன்மேல் நட வேண்டும். கடப்பாரை எடுப்பதற்கு முன், குறைந்தது இரண்டு வேலை நாள்கள் முன்னதாக 811 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், நிலத்தடி எரிவாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே செல்கின்றன என்று கட்டணமின்றிக் குறித்துத் தருவார்கள்.

இரண்டாம் படி: விதையா, கன்றா

என் பரிந்துரை விதைதான். பக்கை விதைக்குள் சேமித்திருக்கும் உணவு அத்தனை அதிகம். முதல் மழைக்கே முளைவேர் வெளிவந்து, மேலே ஒரு தளிர்கூடத் தெரியாத காலத்தில் ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும். தொட்டிக்குள் சுருண்டு வளர்ந்த வேருக்கும், நிலத்தில் நேராக இறங்கிய வேருக்கும் உள்ள வேறுபாடு மூன்றாவது கோடையில், நீர் நிறுத்தும்போது வெளிப்படும்.

அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை, பேரிக்காய் வடிவக் காய்கள் வெடித்து விதை தெரியும். ஒரு காயில் பெரும்பாலும் ஒரே விதைதான் இருக்கும். பொதுப் பூங்காக்களில் விதை பொறுக்குவது பொதுவாக விதிமீறல் என்பதால், மரம் வைத்திருக்கும் நண்பரிடமோ, 1965-இல் தொடங்கப்பட்ட கலிபோர்னியா நாட்டுத்தாவரச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் இருப்பவர்களிடமோ கேட்டுப் பெறுங்கள். கையில் எடுத்தால் கனமாக, தோல் இறுக்கமாக, பளபளப்பாக இருக்கும் விதை நல்லது. அழுத்தினால் உள்வாங்குவதும், குலுக்கினால் உள்ளே ஆடுவதும் உயிரற்றவை.

நெல்லையும் அவரையையும் போல் இதைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். உடனே விதைக்க இயலாவிட்டால், ஈர மரத்தூளில் புதைத்துக் குளிர்பெட்டியில் சில வாரங்கள் மட்டும் வைக்கலாம். 'விஷம், உண்ணக்கூடாது' என்று அந்தப் பையின்மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பலாக்கொட்டை என்று நினைத்துக் குழம்புக்கு எடுத்துவைத்த அனுபவம் இருப்பதால் சொல்கிறேன்.

விதைக்கும் முறை மிக எளிது. தேர்ந்த இடத்தில் மண்ணை ஓரடி ஆழத்துக்குக் கொத்திப் பொலபொலப்பாக்கி, விதையைப் பக்கவாட்டில் கிடத்தி, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாகப் பதித்து, மேலே உதிர்ந்த இலைகளை மெல்லிய போர்வையாகப் பரப்புங்கள். முளைவேர் ஏற்கெனவே எட்டிப்பார்த்திருந்தால், அதன் நுனி கீழ்நோக்கி இருக்கும்படி கவனமாக வையுங்கள். அது உடைந்தால் மீள்வது கடினம். வித்திலைகள் வெளியே வராமல் விதைக்குள்ளேயே தங்கி, தண்டு மட்டும் மேலெழும்பும். ஆகவே முளைத்த பிறகு "இந்தக் கொட்டை இனி எதற்கு" என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கன்றின் கட்டுச்சோறு அதற்குள்தான் இருக்கிறது. இடத்துக்கு இரண்டு மூன்று விதைகளாக ஊன்றி, அடுத்த ஆண்டில் நன்கு வளர்ந்ததை விட்டு மற்றவற்றை நீக்குவது பாதுகாப்பானது. தரை அணில்கள் இந்த நஞ்சுக்கு அசைவதில்லை என்பதால், அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைக் குடைபோல் வளைத்து மேலே கவிழ்த்து, ஓரங்களை மண்ணில் புதைத்துவையுங்கள்.

தொட்டியில்தான் தொடங்க வேண்டுமென்றால், அகலத்தைவிட ஆழம் கூடிய, குறைந்தது 14 அங்குல ஆழமுள்ள தொட்டியைத் தேர்ந்து, அடுத்த மழைக்காலத்துக்குள் நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மூன்றாம் படி: வாங்கிய கன்றை நடுதல்

நாட்டுத்தாவர நர்சரியில் வாங்குவதானால் சிறிய கன்றாகவே வாங்குங்கள். ஒரு காலன் தொட்டிக் கன்று, பெரிய மரப்பெட்டியில் வளர்த்து விற்கப்படும் மரத்தைச் சில ஆண்டுகளில் முந்திவிடுவது வழக்கம். செப்டம்பரில் போனால் இலையில்லாத குச்சிதான் இருக்கும். நகத்தால் பட்டையை இலேசாகக் கீறிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, அத்தோடு பேரம் பேசுவதற்கும் அது நல்ல காலம்.

முதல் நல்ல மழை மண்ணை நனைத்தபின், நவம்பர் முதல் ஜனவரிக்குள் நடுங்கள். குழி, வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலமாகவும், அதன் உயரத்துக்கு மேல் ஆழமில்லாமலும் இருக்க வேண்டும். சுற்றிச் சுருண்ட வேர்களை விரித்துவிட்டு, தண்டும் வேரும் சேரும் கழுத்து, நிலமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி வைத்து, தோண்டிய அதே மண்ணால் மூடுங்கள். தொழுவுரம், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு எதுவும் குழிக்குள் வேண்டாம். கொழுத்த மண் நிரப்பிய குழிக்குள்ளேயே வேர் சுற்றிக்கொண்டு, வெளியே உள்ள களிமண்ணுக்குள் நுழையத் தயங்கும். நட்டவுடன் ஒரு முறை நன்கு நீர் ஊற்றி, மரச்சில்லுகளை மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். முட்டுக்கொம்பு பெரும்பாலும் தேவைப்படாது.

நான்காம் படி: நீர்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், நானும் தவறினேன். முதன்முதலில் நட்ட கன்று ஜூலையில் இலை வாடத் தொடங்கியபோது, தாகம் என்று எண்ணி நாள்தோறும் ஒரு வாளி நீர் ஊற்றினேன். இலை உதிர உதிர நீரைக் கூட்டினேன். அடுத்த பிப்ரவரியில் அது துளிர்க்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது வேர் கறுத்துக் குழைந்து நாறியது. உறங்கப் போன பிள்ளையை எழுப்பி எழுப்பிச் சோறூட்டியதைப் போன்ற வேலை அது.

சரியான முறை, மரத்தின் பருவத்தைப் பின்பற்றுவதே. முதல் இரண்டு ஆண்டுகளில், மழைக்காலத்திலேயே மூன்று வாரம் தொடர்ந்து மழை இல்லாவிட்டால் நீர் ஊற்றுங்கள். வளர்ச்சி முழுவதும் அப்போதுதான் நடக்கிறது என்பதால் இதுவே மிகவும் பயன் தரும் நீர். ஏப்ரல் முதல் ஜூன் வரை, இலை பச்சையாக இருக்கும்வரை, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மண் ஓரடி ஆழம் ஈரமாகும்படி மெதுவாக ஊறவிடுங்கள். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நிறுத்தத் தயாராகுங்கள். இலை உதிர்ந்த பின், முதற்கோடையில் மட்டும் மாதம் ஒரு முறை, வேர் முற்றாகக் காய்ந்துவிடாத அளவுக்கு, காலை வேளையில் சிறிது நீர் போதும். மூன்றாம் ஆண்டு முதல், வழக்கமான மழை பெய்த ஆண்டென்றால், நீரை முற்றிலும் நிறுத்திவிடலாம். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அந்தக் கிளைக்குழாயை வெட்டி அடைத்துவிடுவதே நல்லது. திறந்து வைத்திருந்தால் இரக்கப்பட்டு யாராவது திருப்பிவிடுவார்கள்.

கோடையில் சற்றுக் கூடுதல் நீர் கொடுத்தால் இலை இன்னும் சில வாரங்கள் நிற்கும் என்பது உண்மைதான். கடற்காற்று வரும் இடங்களில் இயல்பாகவே அப்படி நிற்கிறது. உள்நிலத்துக் களிமண்ணில் அதற்காகச் சூதாட நான் துணிய மாட்டேன்.

ஐந்தாம் படி: கவாத்தும் பராமரிப்பும்

முதல் சில ஆண்டுகள் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பிறகு ஒடிந்த, காய்ந்த, ஒன்றோடொன்று உராயும் கிளைகளை மட்டும், மரம் உறங்கும் செப்டம்பர், அக்டோபரில் நீக்கலாம். இலையில்லாத காலமாதலால் வடிவமும் தெளிவாகத் தெரியும். ஆனால் இலையற்ற கிளையெல்லாம் காய்ந்த கிளை என்று எண்ணிவிடாமல், பட்டையைக் கீறிப் பார்த்தே வெட்டுங்கள். ஒற்றைத் தண்டாக்கி நிமிர்த்த முயல்வது மரத்தோடு மல்லுக்கட்டுவதாகும். உரம் தேவையில்லை. உதிரும் இலைகளை அடியிலேயே விட்டுவிட்டால் அதுவே மூடாக்கும் உரமும் ஆகும். பூச்சிகளும் நோய்களும் பெரிதாகத் தொல்லை தருவதில்லை.

கோடை வெறுமையை மறைக்க வேண்டுமானால், பின்னணியில் டோயன் போன்ற பச்சை மாறாத நாட்டுப் புதரையும், நிழலில் கலிபோர்னியா ஃபெஸ்க்யூ புல்லையும் வைக்கலாம். இரண்டுமே கோடை நீரைக் கேட்காதவை. மரத்தடியில் வைக்கும் எதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும். கறிவேப்பிலை, மல்லிகைத் தொட்டிகளை அங்கே அடுக்கி நாள்தோறும் நீர் ஊற்றினால், முதலில் சொன்ன கதைதான் திரும்ப நடக்கும்.

மரத்தின் ஆண்டு

தை இறுதியிலோ மாசியிலோ, மற்ற மரங்கள் விழிக்குமுன், இளம்பச்சைத் தளிர் விரியும். ஐந்து விரல்கள் விரித்த கையைப் போன்ற கூட்டிலை அது. சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி முழுவதும், சில இடங்களில் ஆனி வரையும், அரையடிக்கும் மேலான பூங்கொத்துகள் வெள்ளையாகவோ இளஞ்சிவப்புச் சாயலோடோ மலர்ந்து இனிய மணம் பரப்பும். கொத்தில் எத்தனை பூ இருந்தாலும், நுனியருகே உள்ள ஒன்றிரண்டுதான் பெரும்பாலும் காயாகும். ஆடி, ஆவணியில் இலை பழுத்து உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் வெறுங்கிளைகளில் காய்கள் மட்டும் விளக்குகளைப் போல் தொங்கும். விதையிலிருந்து வளர்ந்த மரம் பூக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் இதன் ஆயுள் 200 ஆண்டுகளையும் தாண்டக்கூடியது என்பதால், அதற்கு அவசரம் ஏதுமில்லை.

கிழக்கு, தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்பவர்கள் இந்த இனத்தைத் தேட வேண்டாம். அந்தந்த மண்ணுக்கு உரிய பக்கை மரங்கள் அங்கே இருக்கின்றன. தென்கிழக்கில் தேன்சிட்டுகளைப் போன்ற ரீங்காரச் சிட்டுகளை ஈர்க்கும் சிவப்புப் பக்கை உண்டு. ஒஹையோவின் பக்கை 1953-இல் அம்மாநிலத்தின் மரமாகவே அறிவிக்கப்பட்டது. அவற்றின் நீர்த் தேவையும் நடவுப் பருவமும் வேறானவை. மேலே சொன்ன கோடைப் பட்டினி அவற்றுக்குப் பொருந்தாது.

உங்கள் மரம் காய்க்கத் தொடங்கிய ஆண்டிலிருந்து, நவம்பரில் வாரம் ஒரு முறை கீழே விழுந்த விதைகளைப் பொறுக்கிவிடுங்கள். கையுறை கட்டாயமில்லை, எடுத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். கேட்பவர்களுக்குக் கொடுக்க நினைத்தால், ஈரத்துணியில் சுற்றி, அந்த மாதத்துக்குள்ளேயே கொடுங்கள். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம், அதற்குள் முளைவேர் ஒரு சாண் நீண்டுவிடும் என்று சொல்லிவிடுங்கள்.